வலிப்பு நோயில் உறக்கமும் மனநலமும்

வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் நாங்கள் கூறும் இரண்டு அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். புறநோயாளிகள் பிரிவில், "இரவில் கண்விழிக்கக் கூடாது; உறக்கம் குறையவே கூடாது" என்கிறோம். அதே நோயாளிக்கு மூளை மின்னலைப் பதிவுக்கு, அதாவது இ.இ.ஜி. பரிசோதனைக்கு, நாள் குறிக்கும்போது, "முந்தைய இரவு உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்கிறோம். இவற்றுள் எதைக் கேட்பது என்று சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாதான். உறக்கம் குறைந்த மூளையிலும், அதன்பின் அயர்ந்து உறங்கத் தொடங்கும் மூளையிலும், வலிப்பு அலைகள் எளிதில் வெளிப்படுகின்றன. பரிசோதனை அறையில் அவை வெளிப்படுவது எங்களுக்கு உதவி. வீட்டிலோ சாலையிலோ வெளிப்படுவது உங்களுக்கு ஆபத்து.

மூளையின் நரம்பணுக்கள் மின்சைகைகள் மூலம் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. நாம் விழித்திருக்கையில் பார்வைக்கு ஒரு பகுதி, பேச்சுக்கு ஒரு பகுதி, கையசைவுக்கு ஒரு பகுதி எனத் தனித்தனியே இயங்குகின்றன. சந்தையில் ஒவ்வொருவரும் தத்தம் வேலையாகப் பேசிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்திலோ கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்குகின்றன. வலிப்பு என்பதும் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுவதுதான். ஆகவே, ஏற்கெனவே தாளம் கூடியிருக்கும் அந்த நேரம் வலிப்புக்கு வசதியாகிவிடுகிறது. கனவு காணும் உறக்கத்தில் அந்தத் தாளம் கலைந்துவிடுவதால், அப்போது வலிப்பு வருவது அரிது.

இதைக் கருவிகள் எவையும் இல்லாத காலத்திலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கின்றனர். லண்டனில் பணியாற்றிய வில்லியம் கவர்ஸ், 1880களில் தம் நோயாளிகளுக்கு வலிப்பு வந்த நேரங்களைக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இரவில் மட்டுமே வந்ததைக் கண்டார். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாக 1924 இல் பதிவுசெய்து, 1929 இல் அதனை வெளியிட்டவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். இன்று நரம்பியல் துறையின் அன்றாடக் கருவியாகிவிட்ட இ.இ.ஜி.யைக் கண்டறிந்த அவர் ஒரு மனநல மருத்துவர் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். மூளை, உறக்கம், மனம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டடங்களில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பின்னால் வந்ததே.

கண்விழிப்பும் காலை நேரமும்

எல்லா வகை வலிப்பும் உறக்கக் குறைவுக்கு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. மிகத் தெளிவாகக் காட்டுவது, பதின்பருவத்தில் தொடங்கும் இளம்பருவத் தசைத்துடிப்பு வலிப்பு. ஜெர்மானிய மருத்துவர் டீட்டர் யான்ஸும் அவருடன் பணியாற்றியவரும் 1957 இல் இதனை விரிவாக விவரித்தனர். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் திடீரென வெட்டி இழுக்கும். பல் துலக்கும்போது தூரிகை தெறித்து விழும். காப்பித் தம்ளர் கை நழுவும். பெற்றோர் இதனைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வார்கள். தேர்வுக்காக இரவெல்லாம் படித்த பிள்ளைக்கு மறுநாள் காலை, முழு வலிப்பாக அது வெளிப்படும்போதுதான் மருத்துவமனைக்கு வருவார்கள். அதற்கு முன் சில மாதங்களாகவே தம்ளர் நழுவிக்கொண்டிருந்தது என்பது கேட்டால்தான் தெரியவரும்.

நம் ஊரில் கண்விழிப்புக்குக் காரணங்கள் ஏராளம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி, ஊர்த் திருவிழா, உறவினர் திருமணத்துக்கான இரவுப் பேருந்துப் பயணம், ஆலையில் இரவுப்பணி. இத்தகைய வலிப்பு உள்ளவர்களுக்கு நான் இவற்றில் விட்டுக்கொடுப்பதில்லை. கோயிலுக்குப் போகலாம்; ஆனால் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, மாத்திரையை உட்கொண்டு உறங்க வேண்டும். இரவுப்பணியிலிருந்து விலக்குக் கேட்பதற்கு மருத்துவச் சான்று தேவையெனில் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

அதேவேளையில், ஆராய்ச்சி எப்போதும் நாம் எதிர்பார்க்கும் விடையையே தருவதில்லை. அமெரிக்காவில் பெத் மாலோவின் குழுவினர், மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 84 பேரை மருத்துவமனையில் வைத்து, ஒரு சாராரை ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவில் உறங்கவிடாமலும், மறு சாராரை வழக்கம்போல் உறங்கவிட்டும் கண்காணித்தனர். வலிப்புகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே 2002 இல் வெளியான முடிவு. இதைப் படித்துவிட்டு உறக்கம் முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. அவர்கள் மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு உடையவர்கள். கண்காணிக்கப்பட்டதும் சில நாட்களே. மேலே சொன்ன தேர்வெழுதும் பிள்ளைக்கு இந்த முடிவு பொருந்தாது. ஆயினும், ஒவ்வொரு வலிப்புக்கும் 'நீ சரியாக உறங்கவில்லை' என்று நோயாளியையே குற்றம் சாட்டும் உறவினர்கள் இந்த ஆய்வை நினைவில் கொள்வது நல்லது. நன்றாக உறங்கிய பிறகும் வலிப்பு வரும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வலிப்பு கூடுகிறது என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. மூளைக்குள் பொருத்தப்பட்ட கருவிகள் மூலம் 37 பேரின் மின்னலைகளை நெடுங்காலம் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2018 இல் வெளிவந்தது. பலருக்கு 20 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை வலிப்புக்கான வாய்ப்பு ஏறி இறங்குவதை அது காட்டியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது இருந்தது. எனவே, 'மாதத்துக்கு ஒருமுறை வருகிறது' என்ற குடும்பத்தாரின் கணிப்பு வெறும் கற்பனையன்று. ஆனால் அந்தச் சுழற்சி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கால அளவு கொண்டது; அதைக் காட்டுவது அவரவர் குறிப்பேடு. பஞ்சாங்கத்தில் அதைத் தேட வேண்டியதில்லை.

இரவில் மட்டும் வரும் வலிப்புகளைக் குறித்து ஒரு சொல். மூளையின் முன்பகுதியில் தொடங்கும் சில வலிப்புகள், உறக்கத்தினின்று திடீரென எழுந்து கத்துவது, கைகால்களை உதறுவது, கட்டிலைப் பிடித்து ஆட்டுவது என்று இருக்கும். சில வினாடிகளில் முடிந்துவிடும். ஒரே இரவில் பலமுறை வரும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து எங்களிடம் வந்தவர்கள் உண்டு. காலையில் எழும்போது நாக்கு கடிபட்டிருப்பது, படுக்கை நனைந்திருப்பது, காரணமின்றி உடம்பெல்லாம் வலிப்பது ஆகியவையும் இரவு வலிப்பின் தடயங்களாக இருக்கலாம். கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி எங்களுக்குப் பெருந்துணை. அதை எடுப்பது நோயாளியை அவமதிப்பதாகும் என்று எண்ண வேண்டாம். அவருடைய ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

வலிப்பும் உறக்கத்தைக் கெடுக்கிறது. வலிப்பு வந்த இரவில் கனவுறக்கம் குறைந்துபோகிறது. மருந்துகளுள் ஃபீனோபார்பிட்டோன், க்ளோபாசாம் போன்றவை பகல் மயக்கத்தைத் தரலாம். லாமோட்ரிஜின் சிலருக்கு உறக்கத்தைக் கலைக்கும். மாத்திரை உட்கொள்ளும் நேரத்தை மாற்றுவதாலேயே சரியாகிவிடும் தொல்லைகள் உண்டு. அதை நீங்களாகச் செய்யாமல் எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள். உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். உறக்க மூச்சுத்தடைக்கு முகமூடிக் கருவி வைத்துச் சிகிச்சை அளித்தபோது சிலருக்கு வலிப்பும் குறைந்ததாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இன்னொன்று: மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் உறக்க மாத்திரைகள். அல்பிரசோலம் போன்றவற்றைச் சில வாரங்கள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால், அதனாலேயே கடும் வலிப்பு வரக்கூடும்.

கேட்கப்படாத கேள்வி

பரிசோதனைக்கு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, கடந்த முறைக்குப் பிறகு எத்தனை முறை வலிப்பு வந்தது என்பது. எண்ணைச் சொல்வார்கள், மருந்துச்சீட்டில் எழுதிக்கொள்வோம், கூட்டம் மிகுந்த நாளில் அத்துடன் உரையாடல் முடிந்துவிடும். ஆனால், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களின் வாழ்க்கைத்தரத்தை எது தீர்மானிக்கிறது என்று 2004 இல் வெளியான ஓர் ஆய்வு அலசியபோது, வலிப்புகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் மனச்சோர்வின் அளவே அதனை நிர்ணயிப்பதாகக் கண்டது. மாதத்தில் எட்டு வலிப்பு நான்காகக் குறைந்தால் எனக்கு மகிழ்ச்சி. வீட்டின் மூலையில் யாருடனும் பேசாமல் அமர்ந்திருக்கும் அவருக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கலாம்.

வலிப்பு நோயுள்ளவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஐவரில் ஒருவருக்குப் பதற்ற நோய் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட அளவுகள் இவை. 'இப்படியொரு நோய் வந்தால் யாருக்குத்தான் வருத்தம் இராது?' என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையன்று. ஐஸ்லாந்து நாட்டில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வு, முதல் வலிப்பு வருவதற்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர்களைக் கணக்கெடுத்தது. கடும் மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. நோய் வந்த வருத்தம், நோய் வருவதற்கு முன்பே வந்திருக்க முடியாதல்லவா? நினைவு, அச்சம், உணர்ச்சி ஆகியவற்றை ஆளும் பொட்டுமடல் பகுதிகளிலேயே பெரியவர்களின் வலிப்புகள் பல தொடங்குகின்றன. ஒரே நரம்பு வலைப்பின்னலில் ஏற்படும் கோளாறு ஒரு நாள் வலிப்பாகவும் மறுநாள் சோர்வாகவும் வெளிப்படுகிறது. வலிப்பு வந்த பின் ஓரிரு நாட்கள் காரணமின்றி அழுகை வருவதாகச் சொல்பவர்கள் பலர். அது அவர்களின் மனவுறுதிக் குறைவு அன்று.

இந்த மூன்றும் சேரும் இடம் உறக்கம். மனச்சோர்வு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கக் கேடு சிலருக்கு வலிப்பைத் தூண்டுகிறது. வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம் மீண்டும் உறக்கத்தைக் கெடுக்கிறது. நோயாளி எங்களிடம் சொல்வதோ, 'தூக்கம் சரியில்லை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அந்தச் சொற்களைக் கேட்டவுடன் உறக்க மாத்திரை எழுதிக்கொடுத்துவிடாமல், மனத்தையும் விசாரிப்பது மருத்துவரின் கடமை என்பது என் கருத்து.

அதற்கு நெடுநேரம் தேவைப்படுவதில்லை. வலிப்பு நோயாளிகளுக்கென்றே அமைத்த ஆறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது. கடந்த இரண்டு வாரங்களில் எல்லாமே பெரும் போராட்டமாகத் தோன்றியதா, எதிலாவது மகிழ்ச்சி காண முடிந்ததா என்பன போன்ற எளிய கேள்விகளே அதில் உள்ளன. மருந்தின் விளைவான அயர்வையும் உண்மையான மனச்சோர்வையும் குழப்பிவிடாதவாறு அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை. மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும்.

மருந்துகள் பற்றிய அச்சம்

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வலிப்பைக் கூட்டிவிடும் என்ற அச்சம் நோயாளிகளிடம் மட்டுமன்றி மருத்துவர்கள் சிலரிடமும் நெடுநாள் இருந்தது. இத்தகைய மருந்துகளின் சோதனைகளில் பங்கேற்றவர்களின் தரவுகளை ஆராய்ந்த 2007 ஆம் ஆண்டின் கட்டுரை அதற்கு மாறானதைக் காட்டியது: பெரும்பாலான மருந்துகளில், மருந்து பெற்றவர்களைவிட வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கே வலிப்பு அதிகம் வந்திருந்தது. விதிவிலக்காக இருந்தவற்றுள் க்ளோமிப்ரமின், புப்ரோபியான் ஆகியவை முக்கியமானவை. எனவே, தகுந்த மருந்தைத் தேர்ந்து, குறைந்த அளவில் தொடங்கினால் அச்சத்துக்கு இடமில்லை. பேச்சுவழிச் சிகிச்சைக்கும் நல்ல பயன் உண்டு. தொடர்ந்த உறக்கமின்மைக்கும் நடத்தைவழிச் சிகிச்சைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஆனால், உறக்க நேரத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி அதில் ஒரு பகுதி. வலிப்பு உள்ளவர்களுக்கு அதை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

வலிப்பு மருந்துகளுள் சில மனத்தைத் தொடுகின்றன. இன்று மிகுதியாகப் பயன்படும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். 'மாத்திரை தொடங்கியதிலிருந்து எதற்கெடுத்தாலும் சீறுகிறான்' என்று ஒரு தாய் சொன்னால், அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் மருந்தின் விளைவாகவே முதலில் ஐயுற வேண்டும். பெராம்பனெல், டோபிராமேட் ஆகியவற்றிலும் இது காணப்படுகிறது. வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் போன்றவை மாறாக மனநிலையைச் சமன்படுத்தவும் உதவுபவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 இல், 11 வலிப்பு மருந்துகளின் சோதனைகளை ஆராய்ந்து, தற்கொலை எண்ணங்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. ஆயிரத்தில் சுமார் இருவருக்கு இருந்தது, மருந்து பெற்றவர்களில் சுமார் நால்வருக்கு இருந்தது என்பதே அதன் சாரம். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவது பேராபத்து. திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து உயிரையே குடிக்கும்.

சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க் நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு 2007 இல் வெளியான ஆய்வின்படி, வலிப்பு நோயுள்ளவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட மூன்று மடங்கு. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆறு மாதங்களில் இன்னும் அதிகம். குடும்பத்தார் மிகவும் துணையாக இருக்க வேண்டிய காலம் அதுவே. 'சாகணும் போல இருக்கு' என்று ஒருவர் சொன்னால், 'அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அதைப்பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். மாத மாத்திரைகள் மொத்தமும் அவர் கையில் இராமல், குடும்பத்தில் ஒருவர் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுக்கட்டும். அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். இரவானால், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழில் பேசலாம்.

மறைத்து வைக்கப்படும் நோய்

மனச்சோர்வுக்கு மூளைக்குள் மட்டுமே காரணம் தேடுவது போதாது. திருமணத்துக்கு முன் நோயை மறைத்து, திருமணத்துக்குப் பின் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை உட்கொள்ள முடியாமல் விட்டுவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். மறைப்பதற்கான பயம் அவர்களின் உறக்கத்தைக் கெடுக்கிறது; விட்ட மாத்திரை வலிப்பைக் கொணர்கிறது; பிறகு அஞ்சியதே நடக்கிறது. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இடமளித்த சட்டப்பிரிவு, 1999 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மாறிய வேகத்தில் ஊர் மாறவில்லை. இருப்பினும் இந்தச் செய்தியைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தாழ்வுணர்ச்சியைக் குறைப்பதே சிகிச்சையாகுமா என்று தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தனர். 160 நோயாளிகளில் ஒரு சாராருக்கு மூச்சுப் பயிற்சி, தியானம் உள்ளிட்ட யோகப் பயிற்சியும், மறு சாராருக்கு வெறும் பாவனைப் பயிற்சியும் அளித்தனர். 2023 இல் வெளியான முடிவின்படி, யோகம் பயின்றவர்களிடம் நோயால் தாங்கள் இழிவாகப் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வும் பதற்றமும் குறைந்தன, வலிப்புகளும் குறைந்தன. இருசாராரும் மாத்திரையைத் தொடர்ந்தே வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யோகம் மருந்துக்கு மாற்று என்று விளம்பரம் செய்வோரிடம் இந்த ஆய்வு சிக்கிவிடக் கூடாது.

உடனிருப்போருக்கு

பல வீடுகளில், மகனுக்கு வலிப்பு வந்த நாள் முதல் தாய் ஆழ்ந்து உறங்கியதே இல்லை. அவன் புரண்டு படுத்தாலும் விழித்துக்கொள்வார். இந்த விழிப்புக்கு அடிப்படை உண்டு. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், பெரும்பாலும் உறக்கத்தில், எதிர்பாராத விதமாக இறக்கிறார். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வருவோருக்கே இந்த ஆபத்து அதிகம். அவ்வலிப்பு கட்டுப்பட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இரவு வலிப்பு உள்ளவர்களுக்கு அருகில் ஒருவர் இருப்பது பாதுகாப்பு. ஆனால் அந்த ஒருவர் எப்போதும் தாயாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தந்தையும் உடன்பிறந்தோரும் முறைவைத்துக்கொள்ளலாம். உறக்கமிழந்து, எரிச்சலுற்று, மனம் சோர்ந்த தாய்க்கும் நாங்கள் சிகிச்சை அளிக்கிறோம்; அவருக்கென்று தனிச்சீட்டுப் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியவை பலருக்கும் தெரிந்தவையே. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் நுழைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடங்களில் நிற்காவிட்டால் 108 ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது ஒரு சாதாரணக் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். வலிப்பு வந்த தேதியும் நேரமும், அதற்கு முந்தைய இரவு படுத்த நேரமும் எழுந்த நேரமும், அன்று மாத்திரை தவறியதா என்பதும் அதில் இருக்கட்டும். பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மனம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல் போதும்: நலம், சோர்வு, கோபம், பயம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம். அந்தச் சொல்லை மற்றவர் முன் சொல்ல விருப்பமில்லையென்றால், உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும்படி செவிலியரிடம் கேளுங்கள். அதற்கு ஏற்பாடு உண்டு.